கல்லாக நடிக்கும் கான்கிரீட்

கட்டைவிரல்தான் முதல் கருவி. கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, தேய்த்து விட்ட கான்கிரீட்டின் ஓரத்தில் மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார். விரல் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். எடுத்த பிறகு பள்ளம் அப்படியே நிற்க வேண்டும். விரலில் சிமெண்ட் பால் ஒட்டி வரக் கூடாது. ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். விரல் இறங்க மறுத்தால் நேரம் தப்பிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் முற்றம் முழுக்க அச்சு வைத்து முடித்தாக வேண்டும். பிறகு நினைத்தாலும் திருத்த முடியாது.

ஸ்டாம்ப்டு கான்கிரீட் என்று சொல்லப்படும் இந்த அச்சுக் கான்கிரீட் இன்று பண்ணை வீடுகளிலும் ரிசார்ட்டுகளிலும் மட்டுமில்லாமல் சாதாரண வீட்டு வாசல், கார் நிறுத்தும் இடம், தோட்டத்து நடைபாதை வரைக்கும் வந்துவிட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் ஸ்லேட் கற்களை இணைத்துப் பாவியது என்று தோன்றும். இன்னொரு வீட்டில் ஆற்றுக் கூழாங்கல், வேறொரு வீட்டில் மரப்பலகை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தால் எல்லாம் ஒரே கான்கிரீட் பலகை. கற்களுக்கு நடுவே தெரிகிற பூச்சுக் கோடுகூட அச்சு விழுந்த பள்ளம்தான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் டிசைன் புத்தகத்தைப் புரட்டி அச்சைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஐந்து வருடம் கழித்து அந்த வாசல் எப்படி இருக்கும் என்பதற்கும் அச்சுக்கும் சம்பந்தம் குறைவு. அடியில் உள்ள மண், கலவையில் விட்ட தண்ணீர், அன்றைக்கு அடித்த காற்று, ஆள் எண்ணிக்கை ஆகியவைதான் அதை முடிவு செய்கின்றன.

இந்தத் தொழில் இன்றைய வடிவத்துக்கு வந்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். 1950களில் பிராட் போமன் என்ற ஒப்பந்தக்காரர், ஈரமான கான்கிரீட்டில் வரிசையாகக் கல் வடிவம் பதிக்கும் கருவிகளைச் செய்து பார்க்கத் தொடங்கினார். முதலில் மரக்கட்டை, பிறகு இரும்புத் தகடு, அதன் பிறகு வார்ப்பு அலுமினியம் என்று அவருடைய கருவிகள் மாறின. ‘போமனைட்’ என்ற பெயரில் அந்த முறை பரவியது. அலுமினிய அச்சு கனமானது. அது கல்லின் ஓரக்கோட்டை மட்டும்தான் வெட்டித் தரும். கல்லின் மேல்பரப்பில் இருக்கும் மேடு பள்ளம், செதில், வெடிப்பு எதுவும் வராது. 1956இல் பில் ஸ்டெக்மியர், அச்சு ஒட்டாமல் இருக்க மேலே தூவும் வண்ணப் பொடியைக் கொண்டுவந்தார். 1970களில் ஜான் நாஸ்விக் போன்றவர்கள் இலேசான பாலியூரித்தேன் பாய்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை தலைகீழானது. உண்மையான பாறையின் மேல் ரப்பர்க் கூழை ஊற்றி வார்த்தெடுத்தால், அந்தப் பாறையின் ஒவ்வொரு செதிலும் பாயில் வந்துவிடும். பாயிலிருந்து கான்கிரீட்டுக்கு வந்துவிடும். ஓரக்கோடு மட்டும் இருந்த இடத்தில் கல்லின் தோலே கிடைத்தது.

ஈரச் சிமெண்ட்டில் கோலம் போடுவது நமக்கும் புதிதில்லை. பழைய சிமெண்ட் தரைகளில் சதுரம் சதுரமாகக் கோடு ஓடும். பூச்சு இறுகுவதற்குள் கொத்தனாரும் சித்தாளும் ஆளுக்கொரு முனையில் நூலைப் பிடித்து அழுத்தி எடுத்த கோடு அது. காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்ட்டை அறை அறையாக ஊற்றி, மேலே சிமெண்ட்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்து ஓடு செய்கிறார்கள். சிவப்பு ஆக்சைடு தரை இல்லாத பழைய வீடு ஒரு தெருவில் ஒன்றாவது இருந்தால் ஆச்சரியம். அச்சுக் கான்கிரீட்டில் போடும் நிறமும் அதே இரும்பு ஆக்சைடுதான். அதனால் இதை முழுக்க முழுக்க வந்த சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. வெட்ட வெளியில், வெயிலிலும் மழையிலும், கார் ஏறி இறங்க, ஒரே மூச்சில் இதைச் செய்வதுதான் இங்கே சவால்.

அந்த ஒரே மூச்சு எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிப்பது சிமெண்ட்டின் வேதியியல். சிமெண்ட் காய்ந்து கெட்டியாகிறது என்று வழக்கமாகச் சொல்வோம். அது காய்வதில்லை, தண்ணீருக்கு அடியில் போட்டாலும் கெட்டியாகும். சிமெண்ட் தூளில் பாதிக்கு மேல் இருப்பது ட்ரைகால்சியம் சிலிகேட் என்ற தாது. அது தண்ணீருடன் சேர்ந்து கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசையை உருவாக்குகிறது. ஜல்லியையும் மணலையும் கட்டிப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பசைதான். கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பும் உண்டாகிறது. இந்தச் சுண்ணாம்பு பின்னால் ஒரு தொல்லை தரும். அதை அப்போது பார்க்கலாம்.

தண்ணீர் பட்டதும் எல்லாம் ஒரேயடியாக நடந்துவிட்டால் அச்சு வைக்கவே நேரம் இருக்காது. சிமெண்ட்டில் உள்ள இன்னொரு தாதுவான ட்ரைகால்சியம் அலுமினேட் உண்மையில் அப்படிப்பட்ட அவசரக்காரன்தான். தனியாக விட்டால் சில நிமிடங்களில் கலவையை இறுக்கிவிடும். அதற்காகவே ஆலையில் சிமெண்ட்டின் மூலக்கட்டியான கிளிங்கரை அரைக்கும்போது கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஜிப்சத்தில் உள்ள சல்ஃபேட் அலுமினேட்டின் வேகத்தைக் கட்டிப்போடுகிறது. சிலிகேட்டோ தன் பங்குக்கு, முதல் சில நிமிடங்கள் துள்ளிவிட்டு ஓரிரு மணி நேரம் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. ஏன் சும்மா இருக்கிறது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. துகளைச் சுற்றி ஒரு மெல்லிய படலம் உண்டாகித் தடுக்கிறது என்பது ஒரு கட்சி. சுற்றியுள்ள நீரில் கரைந்த கால்சியம் நிறைந்துபோவதால் தாது கரைவது மந்தமாகிறது என்பது இன்னொரு கட்சி. காரணம் எதுவாக இருந்தாலும் அந்த உறங்கு காலம்தான் உலகத்தில் கான்கிரீட் போடுகிற எல்லோருக்கும் சோறு போடுகிறது. லாரியில் ஏற்றி, கொண்டுவந்து, கொட்டி, பரப்ப அதுவே அவகாசம். உறக்கம் கலைந்து பசை வளரத் தொடங்கும்போதுதான் கட்டைவிரல் சோதனைக்குக் கலவை தயாராகிறது.

இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது. 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். இது ஆய்வகத்தில், 27 டிகிரி சுற்றுச் சூழலில் பார்க்கும் கணக்கு. சித்திரை மாதத்து மதியம் திருச்சியில் கொட்டினால் கணக்கே வேறு. வெப்பம் 5, 6 டிகிரி கூடினாலே இறுகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது கான்கிரீட் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. காலை ஆறு மணிக்குக் கொட்டிய கலவையில் நிதானமாக அச்சு வைத்த அதே ஆட்கள், பதினொரு மணிக்குக் கொட்டியதில் முதல் பாதியை முடிப்பதற்குள் மறுபாதி கல்லாகிப் போயிருக்கும். பிந்திய பாதியில் அச்சு ஆழமாக விழாது. விழ வைக்கச் சம்மட்டியால் அடிப்பார்கள், ஓரங்கள் உடையும். பல வீடுகளில் வாசலின் ஒரு பக்கம் துல்லியமாகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் இருப்பதற்கு அச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. வெயிலுக்கு முன்னால் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

வெப்பத்தைவிடக் காற்று பொல்லாதது. கொட்டிய கான்கிரீட்டில் கனமான துகள்கள் கீழே இறங்க, இலேசான தண்ணீர் மேலே கசிந்து வரும். அந்தத் தண்ணீர் மேலே நிற்கும்போதே கரண்டி போட்டுத் தேய்த்தால் மேல் தோலில் தண்ணீர் அதிகமாகி, பின்னால் பொடிப் பொடியாக உதிரும். ஆகவே அது வற்றும் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் காற்று அந்த நீரைக் கசியும் வேகத்தைவிட வேகமாக உறிஞ்சினால் வேறொரு வம்பு வருகிறது. ஒரு சதுர மீட்டரில் மணிக்கு ஒரு கிலோ தண்ணீருக்கு மேல் ஆவியானால் மேற்பரப்பில் விரிசல் வர வாய்ப்பு அதிகம் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் எல்லை. ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர்; பரப்பில் பரத்தினால் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, கோவை, திருப்பூர்ப் பக்கம் அம்மியைப் பறக்க வைக்கும் ஆடிக் காற்று அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும்.

சாதாரணத் தரையில் இதனால் வரும் விரிசலை மேலே பூசி மறைத்துவிடலாம். அச்சுத் தரையில் அது முடியாது. மேல்பரப்பு மட்டும் உலர்ந்து, பாலில் ஆடை படிந்தது போல ஒரு தோல் உண்டாகிறது. அடியில் கலவை இன்னும் இளக்கமாக இருக்கிறது. கட்டைவிரலுக்கு மேல் தோல் கெட்டியாகத் தெரிவதால் மேஸ்திரி ஏமாந்துபோய் அச்சை வைக்கச் சொல்கிறார். அச்சின் மேடு இறங்கும் இடத்தில் தோல் இழுபட்டுக் கிழிகிறது. பள்ளங்களின் விளிம்பு நெடுகிலும் முடியளவு விரிசல்கள். அன்று மாலையே கண்ணில் படும். இவை பலகையின் வலிமையைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்றாலும், பணம் கொடுத்தது அழகுக்குத்தானே. காற்றுத் தடுப்பாகப் பச்சை வலையோ தார்ப்பாயோ கட்டுவது, அடிமண்ணை முதல் நாளே நனைத்து வைப்பது, விடியற்காலையில் கொட்டுவது எல்லாம் மலிவான வைத்தியம்.

நிறத்துக்கு வருவோம். கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் ஈரம் கடுமையான காரம்; அதன் பி.எச். மதிப்பு 12.5க்கு மேல். துணிக்குப் போடும் கரிமச் சாயம் எதுவும் அதில் நிலைக்காது. இரும்பு ஆக்சைடு நிலைக்கும். ஹேமடைட் சிவப்பு, கோத்தைட் மஞ்சள், மேக்னடைட் கறுப்பு. இந்த மூன்றையும் கலந்தால் காப்பி, மண், செங்கல் நிறங்கள் எல்லாம் வந்துவிடும். பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. நீலத்துக்குக் கோபால்ட் வேண்டும்; விலையைக் கேட்டால் நீல வாசல் ஆசை போய்விடும். இதில் ஒரு நுட்பம்: ஒரே ஹேமடைட், துகள் நுண்மையாக இருந்தால் மஞ்சள் சாய்ந்த சிவப்பாகவும், சற்றுப் பருமனாக இருந்தால் ஊதா சாய்ந்த சிவப்பாகவும் தெரியும். அதனால் பாதி வேலையில் பொடி தீர்ந்து, வேறு கடையில் வேறு சரக்கு வாங்கினால் பெயர் ஒன்றாக இருந்தாலும் நிறம் ஒன்றாக இருக்காது.

நிறத்தைச் சேர்க்க இரண்டு வழி. கலவையிலேயே போட்டுவிடலாம். சிமெண்ட் எடையில் இவ்வளவு சதவீதம் என்று கணக்கு. பத்தைத் தாண்டக் கூடாது, அதற்குப் பல சதவீதம் குறைவாகவே போதும். 500 சதுர அடி வாசலை நான்கு அங்குல கனத்தில் போட்டால் சுமார் 4.7 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட் என்றால் 1,600 கிலோவுக்கு மேல். நான்கு சதவீதம் நிறம் என்றால் 65 கிலோ பொடி, அதில் பெரும்பகுதி யாரும் பார்க்காத அடியில் புதைகிறது. ஆனால் கீறல் விழுந்தாலும் உள்ளேயும் அதே நிறம். இரண்டாவது வழி, சிமெண்ட், நிறம், தரம் பிரித்த குவார்ட்ஸ் மணல் மூன்றும் சேர்ந்த உலர் பொடியை ஈரக் கான்கிரீட் மேல் கையால் வீசித் தூவித் தேய்ப்பது. சதுர மீட்டருக்கு மூன்று கிலோ அளவு. இது மேலே கசிந்த நீரைக் குடித்து, மேல் தோலில் சிமெண்ட்டைக் கூட்டி, தேய்மானத்தைத் தாங்கும் பரப்பைத் தருகிறது. நிறம் பளிச்சென்றும் இருக்கும். ஆனால் தூவுகிறவர் கைப்பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். விதைக்கிற வீச்சில், தாழ்வாக, இரண்டு தடவையாகத் தூவ வேண்டும். ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் பிறகு தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் அந்த இடம் திட்டாகத் தெரியும், செதிலாகவும் உரியும்.

அடுத்து, அச்சு ஒட்டாமல் இருக்கும் பொடி. சிமெண்ட் பசை எதன் மேலும் ஒட்டும், பாலியூரித்தேன் மேலும் ஒட்டும். நடுவே தண்ணீரை வெறுக்கிற ஒரு தூள் வேண்டும். அதற்குப் பயன்படுபவற்றில் ஒன்று கால்சியம் ஸ்டீரேட். இதை நீங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள்: உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்காமல் வெள்ளையாகத் திரிகிறதே, வாளி விளிம்பில் வழவழவென்று படிகிறதே, அதில் இருப்பது இதே சேர்மம்தான். ஒட்டாமல் காப்பதோடு அந்தப் பொடியின் வேலை முடிவதில்லை. அடிநிறத்தைவிடக் கருமையான நிறம் கலந்து தூவுவார்கள். ஓரிரு நாள் கழித்துக் கழுவும்போது மேட்டில் இருப்பது போய்விடும்; பள்ளத்திலும் செதில் மடிப்பிலும் கொஞ்சம் தங்கும். கல்லுக்கு வயதான தோற்றம் வருவது அதனால்தான். அளவுக்கு மீறிக் கழுவினால் அந்த நிழல் போய்ப் பொம்மைக் கல்லாகத் தெரியும். கழுவாமல் விட்டால் மேலே அடிக்கும் பாதுகாப்புப் பூச்சான சீலர் பிடிக்காது.

பாயை வைத்து அதன் மேல் ஏறி நிற்கிறார்கள். இரண்டடிக்கு இரண்டடி பாய் என்றால் பரப்பு சுமார் 3,700 சதுர சென்டிமீட்டர். ஒரு மனிதனின் இரண்டு பாதங்கள் 400 சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஆக, அவருடைய எடை ஒன்பது பத்து மடங்கு பரப்பில் பரவிவிடுகிறது. அதனால்தான் ஈரக் கான்கிரீட்டில் கால் புதையாமல் அவரால் பாய்க்குப் பாய் தாவிப் போக முடிகிறது. அதே காரணத்தால், நின்றால் மட்டும் அச்சு விழாது. மேலே கட்டையால் தட்ட வேண்டும். ஐந்தாறு பாய்களை வரிசையாக அடுக்கி, பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே நகர்வார்கள். சுவர் ஓரத்துக்கும் படிக்கட்டுக்கும் வளைகிற மெல்லிய பாய் தனியாக இருக்கும். ஒரே பாயை ஒரே திசையில் வைத்துக்கொண்டு போனால், மூக்கு உடைந்த அதே கல் இரண்டடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். நம் கண் இந்த மாதிரித் திரும்பல்களைப் பிடிப்பதில் கெட்டிக்காரக் கண். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். நல்ல வேலைக்காரர் பாய்களின் வரிசையைக் கலைத்துப் போடுவார்; அச்சு வைத்த பிறகு சிறு உளி வைத்து அங்கங்கே கோட்டைச் சரி செய்வார்.

இனி விரிசல். எந்தக் கான்கிரீட்டும் சுருங்கும். இறுகிய பிறகு மிச்சத் தண்ணீர் மாதக் கணக்கில் வெளியேறும்போது நீளத்தில் 0.05 முதல் 0.08 சதவீதம் வரை குறையலாம். மூன்று மீட்டரில் அது ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர். அடியில் மண் பிடித்துக்கொள்வதால் பலகை தாராளமாகச் சுருங்க முடிவதில்லை. கான்கிரீட்டின் இழுவிசைத் தாக்குப் பிடிப்போ அமுக்கு வலிமையில் பத்தில் ஒரு பங்குதான். எங்கேயாவது விரிந்துதான் ஆக வேண்டும். எங்கே என்பதை நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: கனத்தைப் போல 24 முதல் 30 மடங்கு இடைவெளியில், கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு வெட்டுக் கோடு. நான்கு அங்குலப் பலகைக்கு எட்டிலிருந்து பத்தடிக்கு ஒரு கோடு, ஒரு அங்குல ஆழம். வெட்ட வேண்டியது 24 மணி நேரத்துக்குள், நம் வெயிலில் அதற்கும் முன்னால். இந்த வெட்டைப் பல ஒப்பந்தக்காரர்கள் தவிர்க்கிறார்கள், டிசைன் கெடும் என்று வீட்டுக்காரரும் தலையாட்டுகிறார். பிறகு கான்கிரீட் தன் இஷ்டத்துக்குக் கோணல் மாணலாக ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. அச்சின் பூச்சுக் கோட்டோடு வெட்டு சேர்ந்து வரும்படி முதலிலேயே அளந்து பாயை வைத்தால் வெட்டு இருப்பதே தெரியாது. உள்ளே கம்பி வலை போட்டிருக்கிறோமே என்பார்கள். வலை விரிசலைத் தடுப்பதில்லை, விரிந்த பிறகு அகலாமல் பிடித்துக்கொள்ளும், அதுவும் பலகையின் நடுவிலோ அதற்குச் சற்று மேலோ இருந்தால். கலவை கொட்டும்போது ஆட்கள் மிதித்து மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் வலை இருந்தும் இல்லாததுதான்.

அடிமண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஏமாற்று வேலை நடப்பது பெரும்பாலும் அங்கேதான் என்பதைத் தவிர. புது வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டி நிரப்பிய மண் இரண்டு மழைக்காவது இறங்கும். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும். அதன் மேல் நேரடியாகப் போட்ட பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் உடையும். உப்பாத கிராவலைப் பரப்பி, தண்ணீர் விட்டு, இயந்திரத்தால் இறுக்கிய படுகை வேண்டும். வீட்டிலிருந்து வெளியே பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் வேண்டும். அச்சுப் பரப்பில் பள்ளங்கள் இருப்பதால் வாட்டம் குறைந்தால் தண்ணீர் அங்கங்கே குட்டை கட்டும். கார்த்திகையில் பாசி பிடிக்கும்.

ஈரம் காக்கும் (க்யூரிங்) விஷயத்தில் அச்சுக் கான்கிரீட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரம் காக்க வேண்டும். மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது போல இங்கே முதல் நாளே செய்தால் மேலே தூவிய பொடி கரைந்து திட்டுத் திட்டாக ஓடும். ஒரு நாள் பொறுத்து, கழுவி, பிறகு ஈரச் சாக்கு போடுகிறவர்கள் உண்டு. சாக்கு மடிப்பு தடம் விடும். பிளாஸ்டிக் தாள் மூடினால் ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் வேறு வேறு நிறமாகும். கழுவிய பின் மெல்லிய பூத்தூவலாகத் திரும்பத் திரும்பத் தண்ணீர் தெளிப்பதோ, நிறத்துக்குப் பொருந்தும் க்யூரிங் திரவம் அடிப்பதோ உத்தமம்.

முதலில் ஒதுக்கி வைத்த சுண்ணாம்பு இப்போது தலை காட்டும். கான்கிரீட்டுக்குள் உண்டான கால்சியம் ஹைட்ராக்சைடு ஈரத்தோடு மேலே வந்து, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைச் சுண்ணக் கார்பனேட்டாகப் படிகிறது. ஒரே மழைக்காலத்தில் செங்கல் நிற வாசல் சாம்பல் பூத்துவிட்டது, சாயம் போய்விட்டது என்று வீட்டுக்காரர் சண்டைக்குப் போவார். இரும்பு ஆக்சைடு அங்கேயேதான் இருக்கிறது. மேலே வெள்ளைத் திரை. தண்ணீரும் நார்த் தூரிகையும் போட்டுத் தேய்த்தால் ஆரம்பத்தில் போய்விடும். குளியலறை ஆசிட்டைக் கொட்டுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். வெள்ளை போகும், கூடவே சிமெண்ட் தோலும் கரையும், மணல் துருத்தும், சீலர் வெளிறும். அச்சு வாசலில் ஆசிட் பாட்டிலைக் கண்ணில் காட்டவே கூடாது.

பளபளப்புக்கு மேலே அடிப்பது அக்ரிலிக் சீலர். நனைந்த கல்லின் நிறத்தைத் தரும். அதற்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம். பிறகு திரும்ப அடித்தாக வேண்டும், இந்தச் செலவை விளம்பரங்கள் சொல்வதில்லை. உள்ளே ஈரம் இருக்கும்போது அடித்தால் பால் நிறமாகப் பூக்கும். உச்சி வெயிலில் அடித்தால் கரைப்பான் சட்டென்று ஆவியாகிக் குமிழி விடும். சூடான கார் டயர் நிற்கும் இடத்தில் இளகி உரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், மழையில் வழுக்கும். ஸ்லேட் செதில் காலுக்குப் பிடிப்புத் தரும் என்று நினைத்தால், தடிமனாக அடித்த சீலர் அந்த நுண்மேடுகளை நிரப்பி வழவழப்பாக்கிவிடுகிறது. வயதானவர்கள் வெறுங்காலோடு வாசலில் நடமாடும் வீடுகளில் சீலரோடு வழுக்காத நுண்மணிகளைக் கலந்து அடிக்கச் சொல்லியே ஆக வேண்டும். பளபளப்பு வேண்டாம் என்றால், மேலே படலம் கட்டாமல் உள்ளே இறங்கித் தண்ணீரை விலக்கும் சிலேன், சிலோக்சேன் வகைத் திரவங்கள் இருக்கின்றன. நம் வாசலுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கட்சி.

அமெரிக்கப் படங்களைப் பார்த்து எடுக்கும் இன்னொரு தவறான முடிவு கரும்சாம்பல் நிறம். அங்கே அந்த வாசலில் செருப்பில்லாமல் யாரும் நிற்பதில்லை. புதிய சாதாரண சாம்பல் கான்கிரீட் தன் மேல் விழும் சூரிய ஒளியில் 35 முதல் 40 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கரிய நிறம் ஏற்றினால் அது மிகவும் குறையும், மீதி எல்லாம் சூடு. சித்திரை வெயிலில் பரப்பு 50 டிகிரியைத் தாண்டும்போது செருப்பை எடுக்க ஓடுகிறவர் பாதத்துக்குத் தெரியும். இளமண் நிறம், மணல் நிறம் போதும்.

கோலம் போடும் வீடாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேடு பள்ளமான பரப்பில் மாவுக் கோடு உடைந்து உடைந்து விழும், இழை நிற்காது. நிலைவாசலுக்கு நேரே நான்கடிச் சதுரத்தை அச்சு வைக்காமல் கரண்டியால் தேய்த்து விடச் சொன்னால் மேஸ்திரிக்கு வேலை மிச்சம், வீட்டில் உள்ளவர்களுக்கும் நிம்மதி.

பேவர் பிளாக்கோடு ஒப்பிட்டால் அச்சுக் கான்கிரீட்டுக்கு இரண்டு தோல்விகள் உண்டு. அவற்றை மறைப்பதில் அர்த்தமில்லை. ஒன்று, தண்ணீர் இறங்காது. 500 சதுர அடி வாசலில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் தண்ணீர் தெருவுக்கு ஓடும். 2003இலேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டிடங்களுக்குக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. மாடித் தண்ணீரைக் குழிக்குள் விட்டுவிட்டு வாசல் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவது என்ன கணக்கு? ஓரத்தில் மண் பட்டையோ ஜல்லி நிரப்பிய வாய்க்காலோ விட்டு அதை நோக்கி வாட்டம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, தோண்ட முடியாது. குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மோட்டார் ஒயர் என்று எதற்காகவாவது நம் வாசல்களை உடைத்துக்கொண்டே இருக்கிறோம். பேவர் பிளாக்கை எடுத்து அடுக்கித் திரும்பப் பாவலாம். அச்சுப் பலகையை உடைத்து ஒட்டுப் போட்டால் நிறமும் சேராது, கோடும் சேராது. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே குறுக்காக இரண்டு காலி பி.வி.சி. குழாய்களைப் புதைத்து முனைகளை மூடி வைப்பது சில நூறு ரூபாய் வேலை. தெருவில் பாதாளச் சாக்கடை இன்னும் வராத ஊர் என்றால் அது வந்து முடியும் வரை அச்சு வாசல் ஆசையைத் தள்ளிப் போடுவதே நல்லது.

பழைய சிமெண்ட் வாசலை இடிக்காமல் மேலேயே பாலிமர் கலந்த மெல்லிய பூச்சுப் போட்டு அச்சு வைக்கும் வழியும் இருக்கிறது. பழைய பலகை உறுதியாக, விரிசல் இல்லாமல் இருந்தால் சரி. அடியில் விரிசல் ஓடினால் அது ஒரு வருடத்துக்குள் புதுப் பூச்சிலும் அதே இடத்தில் ஓடும்.

ஆகவே ஒப்பந்தம் பேசும்போது டிசைன் புத்தகத்தைக் கடைசியில் வாங்கிப் பாருங்கள். முதலில் படுகை எத்தனை அங்குலம், கலவையில் சிமெண்ட்டுக்குத் தண்ணீர் என்ன விகிதம், வெட்டுக் கோடு எங்கெங்கே, கொட்டுகிற அன்று எத்தனை ஆள் என்று கேளுங்கள். ரெடிமிக்ஸ் லாரி வந்த பிறகு கலவை இளகவில்லை என்று குழாய்த் தண்ணீரை அதில் பீய்ச்ச யாரையும் விடாதீர்கள். அவர் செய்து மூன்று வருடமான வாசல் ஒன்றைக் காட்டச் சொல்லி, அங்கே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். வழுக்காமல், குட்டை கட்டாமல், வெட்டுக் கோட்டைத் தவிர வேறு கோடு இல்லாமல் இருந்தால் தாராளமாக முன்பணம் கொடுக்கலாம்.